ஆய்வேட்டில் எந்த வரிக்குச் சான்று வேண்டும், எதற்கு வேண்டாம்

காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீடு எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவி தன் இரண்டாம் இயலில் "இவ்வீட்டில் ஆயிரம் ஜன்னல்கள் உள்ளன" என்று எழுதிக்கொண்டு வந்தார். ஓரத்தில் பென்சிலால் "எண்ணினீர்களா?" என்று எழுதிக் கொடுத்தேன். "இல்ல சார், எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க" என்றார். சரி, அப்படியானால் அதை அப்படியே எழுதுங்கள் என்றேன். "ஆயிரம் ஜன்னல் வீடு என்று ஊரார் அழைக்கும் வீடு" என்று எழுதினால் சான்று எதுவும் வேண்டாம், அந்தப் பெயர் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. "ஆயிரம் ஜன்னல்கள் உள்ளன" என்று எழுதினால் எண்ணியது யார் என்று சொல்லியாக வேண்டும். நீங்களே எண்ணியிருந்தால் எந்தத் தேதியில் எண்ணினீர்கள், மாடியும் சேர்த்தியா, கதவுக்கு மேலே இருக்கும் சின்னத் திறப்புகளையும் ஜன்னல் கணக்கில் சேர்த்தீர்களா என்பதெல்லாம் வர வேண்டும். வேறு ஒருவர் எண்ணி எழுதியதை எடுத்திருந்தால் அவர் பெயர், ஆண்டு, பக்க எண்.

ஆய்வு எழுதுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, எங்கே அடிக்குறிப்பு போடுவது, எங்கே விட்டுவிடலாம் என்பது. மேலே சொன்ன ஜன்னல் வரியை மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் குழப்பம் வராது. ஒரு வரியை எழுதி முடித்ததும் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன், அளந்தேன், கேட்டேன் என்றால் அது உங்கள் தரவு, எப்போது எங்கே எப்படி என்று சொன்னால் போதும். ஒருவர் எழுதியதைப் படித்தேன் என்றால் அவருக்குச் சான்று. ஊரே சொல்கிறது என்றால் ஊர் சொல்கிறது என்றே எழுத வேண்டும், நீங்கள் உறுதி செய்ததாக எழுதக் கூடாது. எங்கள் பக்கத்துப் பழைய வட்டிக்கடைக் கணக்கில் வரவு எழுதும்போது தொகையை மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது, யார் பேரில் வரவு என்று இருக்க வேண்டும். பேர் இல்லாத வரவை எந்தப் பற்றோடும் சேர்த்துப் பார்க்க முடியாமல் போய்விடும். ஆய்வேட்டிலும் அதே சங்கடம்தான்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு நான் பர்மாவைத்தான் காட்டுவேன். பர்மாவில் செட்டியார்கள் நடத்திய வட்டிக்கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் 1,650 என்று ஒரு எண்ணைப் போடுகிறார்கள். அது 1929-30-ல் இயங்கிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு சொன்ன மதிப்பீடு. அதைக் குறிப்பிடாமல் "பர்மாவில் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன" என்று மட்டும் எழுதினால், எந்த ஆண்டில், யார் கணக்கில், எண்ணிய தொகையா உத்தேசமா என்று படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. இன்னொன்று இதைவிட மோசமாகச் சிதைகிறது. செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1937-ல் 25 சதவீதம் என்ற கணக்கு. இது பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் பயன்பாட்டில் இருந்த மொத்த நிலத்தில் எவ்வளவு என்ற கணக்கு. ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுத, அவரைப் பார்த்து அடுத்தவர் எழுத, நடுவில் "13 நெல் மாவட்டங்கள்" கழன்று விழுந்துவிட்டு, "பர்மாவில் கால்வாசி நிலம் செட்டியார்களுடையது" என்று ஆகிவிடுகிறது. ஒரு சமூகத்தின் மீது எவ்வளவு பெரிய பழி அது, யோசித்துப் பாருங்கள். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல், அடமான நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது என்ற காரணமும் அந்தப் பயணத்தில் காணாமல் போய்விடுகிறது. மூலத்துக்குப் போகிற பாதை அடிக்குறிப்பில் இருந்திருந்தால் நாலாவது ஆள் அதைத் திருத்தியிருப்பார்.

இங்கேயே ஒரு நடைமுறை விஷயம். அந்த வங்கி விசாரணைக் குழுவின் 1930 அறிக்கையை நீங்கள் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, ஒரு கட்டுரையில்தான் பார்த்தீர்கள் என்றால், அறிக்கையைப் பார்த்த மாதிரி எழுதாதீர்கள். "விசாரணைக் குழு அறிக்கை, 1930, மேற்கோள் காட்டியவர் இன்னார், ஆண்டு, பக்கம்" என்று இரண்டையும் போடுங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. கட்டுரையாளர் எண்ணைத் தப்பாகப் பார்த்து எழுதியிருந்தால் அந்தத் தப்பு உங்கள் தலையில் விழாது என்பதும் உண்டு. முடிந்தால் மூலத்தைத் தேடிப் பார்த்துவிடுங்கள், பழைய அரசு அறிக்கைகள் பல இப்போது இணையத்திலேயே ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன.

அப்புறம், எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்குச் சான்று வேண்டாம் என்பார்கள். அந்த "எல்லாரும்" யார் என்பதில்தான் சிக்கல். காரைக்குடி சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்கு யாரும் சான்று கேட்கப் போவதில்லை. மின்வேதியியல் படிக்கிற பிள்ளைகள் ஃபாரடே விதிக்குச் சான்று போட வேண்டியதில்லை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் மின்முனையை இன்ன ரசாயனத்தில் இத்தனை நிமிஷம் ஊறவைத்தேன் என்று எழுதி, அந்தச் செய்முறை வேறொருவரின் கட்டுரையில் இருந்து வந்திருந்தால், கட்டாயம் போட வேண்டும், நீங்கள் நிமிஷத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தாலும் சரி. செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்தார்கள் என்பது இந்த ஊர்ப் பேச்சில் சாதாரணம். ஆனால் நீங்கள் கட்டடக்கலை ஆய்வேட்டில் எழுதும்போது அது ஒரு பொருளைப் பற்றிய கூற்று, எந்த வீடு, எந்தப் பூச்சு, சொன்னது கொத்தனாரா, ஆய்வகத்தில் சோதித்தவரா என்று வர வேண்டும். படிப்பவர் நின்று "அப்படியா?" என்று கேட்கக்கூடிய இடம் என்று தோன்றினால் போட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தாலும் போட்டுவிடுங்கள், தேவையில்லாத ஒரு அடிக்குறிப்பை நெறியாளர் ஒரு கோட்டில் அடித்துவிடுவார், இல்லாத அடிக்குறிப்பை அவரால் உண்டாக்கித் தர முடியாது.

ஒரே பத்தியில் இரண்டும் கலந்து வரும் இடம் ஒன்று சொல்கிறேன். "யாதும் ஊரே" என்பது புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் பாடியது. பாட்டு எண் போதும், அதுதான் சங்கப் பாடல்களுக்கு முகவரி, எந்தப் பதிப்பிலும் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் பாட்டில் ஒரு சொல்லைப் பிடித்து வாதம் செய்யப் போகிறீர்கள் என்றால் பதிப்பும் வேண்டும், ஏனென்றால் பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறும் பாடபேதங்கள் உண்டு. உ.வே.சா. 1894-ல் முதலில் அச்சிட்ட பதிப்பைப் பார்த்தீர்களா, பிறகு வந்த பதிப்பா, எந்த உரை என்று சொல்லுங்கள். இதே பத்தியில் அடுத்த வரியாக "இவர் ஊரான பூங்குன்றம் இன்றைய மகிபாலன்பட்டி" என்று எழுதுவீர்கள், இந்தப் பக்கத்தில் அதை எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். அது பாட்டில் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஊர்ப்பெயரை வைத்துச் செய்த அடையாளம். அதனால் அந்த வரிக்குத் தனிச் சான்று. பாட்டுக்குப் போட்ட எண்ணே அதற்கும் சேர்த்து என்று விட்டுவிட்டால், சங்கப்பாட்டே மகிபாலன்பட்டியைச் சொல்கிறது என்று வெளியூர்க்காரர் ஒருவர் நம்பிவிடுவார். நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதி என்பதும் இப்படித்தான், மரபு என்று எழுதி, அந்த மரபை யார் பதிவு செய்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

இதனால்தான் பத்தி முடிவில் ஒரே ஒரு எண்ணைப் போட்டுவிட்டு நகர்வதை நான் விடுவதில்லை. எட்டு வரி எழுதி, கடைசியில் ஒரு அடைப்புக்குறி. எட்டு வரியும் அவருடையதா, கடைசி வரி மட்டுமா, நடுவில் உங்கள் கருத்து ஒன்றும் இருக்கிறதா, எப்படித் தெரியும்? சான்று எந்த வாக்கியத்துக்கோ அந்த வாக்கியத்தோடு ஒட்டி வரட்டும். வாக்கியத்தின் தொடக்கத்திலேயே "இன்னார் சொல்வதுபோல" என்று ஆரம்பித்து, உங்கள் கருத்து தொடங்கும் இடத்தில் "என் களப்பணியில் பார்த்தது வேறு" என்று வெளிப்படையாகத் திரும்புங்கள். உங்கள் சொந்த உழைப்பு கண்ணில் படுவதே அப்போதுதான். சான்றே போடாமல் எழுதுகிறவர்களின் ஆய்வேட்டில் அவர்கள் வெயிலில் அலைந்து சேகரித்ததும் காப்பியடித்த மாதிரியே தெரிகிறது, எனக்கு அதுதான் மிகவும் வருத்தம்.

மொழிபெயர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவர் எழுதிய நாலு பக்கத்தைத் தமிழில் மாற்றி எழுதிவிட்டு, "வார்த்தை எல்லாம் என்னுடையதுதானே" என்கிறார்கள். வார்த்தை உங்களுடையது, யோசனையும் வரிசையும் ஆதாரமும் அவருடையது. தமிழில் மாற்றிவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் பிடிக்காமல் போகலாம். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் முதல் பத்தியிலேயே பிடித்துவிடுவார். உங்கள் வார்த்தையில் சுருக்கிச் சொன்னாலும், மொழிபெயர்த்தாலும் சான்று உண்டு. அவருடைய வாக்கியத்தையே அப்படியே எடுத்தால் மேற்கோள் குறியும் பக்க எண்ணும் சேர்ந்து வரும். மேற்கோளை நீங்களே மொழிபெயர்த்திருந்தால் "மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். படம், வரைபடம், அட்டவணை, வீட்டின் தள வரைவு எல்லாவற்றுக்கும் இதே கதைதான், படத்தின் கீழேயே எழுதுங்கள். நீங்கள் முன்பு வெளியிட்ட உங்கள் சொந்தக் கட்டுரையில் இருந்து எடுத்தாலும் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கருத்துத் திருட்டுக்கென்று ஒழுங்குவிதிகள் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. ஆய்வேட்டில் 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாமல் கொடுக்கும் கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருஷம் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்கவே முடியாது, 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. பொதுவாக எல்லாரும் அறிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் தொடரோ தொடர்ந்து 14 சொற்கள் வரை கணக்கில் வராது. முறையாகச் சான்று காட்டிய மேற்கோளும், துணைநூற்பட்டியலும், பொருளடக்கமும் ஒப்புமைக் கணக்கில் சேராது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். 9 சதவீதம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களின் ஏட்டில் அந்த 9-ம் ஒரே ஆளிடம் சொல்லாமல் எடுத்ததாக இருந்தால் அது திருட்டுதான். ஆய்வேடுகள் இப்போது சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏறிவிடுகின்றன, எந்த ஊரில் இருந்தும் யாரும் திறந்து பார்க்கலாம், பத்து வருஷம் கழித்தும்.

செட்டிநாட்டில் ஆய்வு செய்கிறவர்களுக்கு அச்சுப் புத்தகத்தைவிட வேறு வகைச் சான்றுகள்தான் அதிகம் கிடைக்கும், அவற்றை எப்படிக் காட்டுவது என்று யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், மரச்சாமானுக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே பழைய பேரேடும் கண்ணில் படும். அப்படி ஒன்றை வாங்கினால் கடைக்காரரிடம் எந்த ஊர் வீட்டில் இருந்து வந்தது என்று கேட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். சான்றாகக் காட்டும்போது அது என்ன ஏடு, எந்தக் காலம், எத்தனையாவது பக்கம், இப்போது யாரிடம் இருக்கிறது, எங்கே எப்போது வாங்கியது என்பதெல்லாம் வர வேண்டும். ஏட்டில் ஆண்டு "விபவ வருஷம்" என்று மட்டும் இருக்கும். அறுபது வருஷச் சுற்றில் அது 1868-ம் ஆகலாம், 1928-ம் ஆகலாம். ஏட்டில் உள்ளதை உள்ளபடி எழுதி, நீங்கள் கணக்கிட்ட ஆங்கில ஆண்டைத் தனியாக, எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்ற காரணத்தோடு கொடுங்கள். பெயர்களும் அப்படியே. பழைய கணக்குகளில் ஆள் பெயருக்குப் பதில் கடையின் விலாசம், அதாவது எழுத்துகள் மட்டும், இருக்கும். இந்த விலாசம் இன்னார்தான் என்று ஊகித்து விரித்து எழுதாதீர்கள், அண்ணன் தம்பி பிரிந்த பிறகும் பழைய எழுத்துகளோடே தொடர்ந்த கடைகள் உண்டு. வீட்டில் வைத்திருக்கும் இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவு, சீர்ப் பட்டியல், கடிதங்கள் என்றால் முதலில் அவர்கள் அனுமதி, அப்புறம்தான் அடிக்குறிப்பு.

கல்வெட்டு என்றால் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஆண்டும் எண்ணும் இருக்கும், அதைப் போடுங்கள். ஆண்டறிக்கையில் இருப்பது பெரும்பாலும் சுருக்கம்தான், முழு வாசகம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் வந்திருந்தால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். சுருக்கத்தைப் படித்துவிட்டு "கல்வெட்டு கூறுகிறது" என்று மேற்கோள் குறிக்குள் போடுவதை நிறையப் பார்க்கிறேன், அது கல்வெட்டின் குரல் இல்லை, சுருக்கி எழுதிய அதிகாரியின் குரல். இன்னொன்று, சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல். 1910 முதல் அதுவரை அச்சானவற்றில் காரைக்குடியை இராமநாதபுரம் மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும், 1910-க்கும் முந்தியது என்றால் மதுரை மாவட்டத்தின் கீழ். செட்டிநாட்டின் வடபகுதி ஊர்களுக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானம், 1948 முதல் 1974 வரை திருச்சி மாவட்டம். பழைய நூலை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேகரித்த நூல்கள் அவர் மறைவுக்குப் பின் சென்னைக்குப் போய், 1994-ல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆனது. வெறுமனே "கோட்டையூர்ச் சேகரிப்பு" என்று எழுதிவிட்டால் உங்கள் பின்னால் வருகிறவர் கோட்டையூருக்குப் பஸ் ஏறிவிடுவார்.

எழுதும் வேலையில் எனக்கே பட்ட அடி ஒன்று. ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒரு தனியார் வீட்டு நூலகத்தில் உட்கார்ந்து, ஒரு பழைய மாத இதழில் இருந்து அருமையான ஒரு பகுதியை நோட்டில் எழுதிக்கொண்டேன். இதழின் பெயர் எழுதினேன், மாதமும் பக்கமும் எழுதவில்லை, மறுநாள் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. இரண்டு வருஷம் கழித்துப் போனபோது அந்த வீடு பூட்டியிருந்தது, நூல்கள் எங்கே போயின என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் வேறு நூலகங்களில் தேடினேன். கிடைக்கவில்லை. என் மூன்றாம் இயலின் நடு வாதமே அந்தப் பகுதியில்தான் நின்றது, முழுதாக எடுத்துவிட்டேன்.

அதனால் குறிப்பு எடுக்கும்போதே எழுதுங்கள், முதல் வரி எழுதும் முன்பே நூலின் தலைப்புப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் மூன்று விதமாகக் குறியிடுங்கள்: அப்படியே எடுத்தது, சுருக்கியது, என் யோசனை. ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது யாருடையது என்று உங்களுக்கே மறந்துபோயிருக்கும், நிறையப் பேர் திருட வேண்டும் என்று நினைக்காமலே இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சோட்டெரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, தமிழிலும் உள்ளிடலாம், பட்டியலை அதுவே அடுக்கித் தரும். பெயரை மட்டும் சரிபாருங்கள். நம் பெயரில் முன்னெழுத்து அப்பா பெயர், பின்னால் வருவதுதான் ஆளின் பெயர். அதைக் குடும்பப்பெயர் என்று நினைத்து இடம் மாற்றினால் சான்று அப்பாவுக்குப் போய்விடும். முந்தைய அடிக்குறிப்பில் உள்ள அதே நூல் என்பதற்கு "மேலது" என்று போடுவதைக் கடைசி வரைக்கும் தள்ளிவையுங்கள். பத்தியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டியதும் அந்த "மேலது" தனக்கு மேலே உள்ள வேறு யாரையோ காட்ட ஆரம்பித்துவிடும். சான்று காட்ட எந்த நடை, ஏபிஏவா (APA), எம்எல்ஏவா (MLA), உங்கள் துறைக்கென்று வேறா என்பதை நெறியாளரிடம் முதல் மாதமே கேட்டுவிட்டு, அதை மாற்றாமல் போங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் சான்று கேட்பவர்கள் இப்போது அதிகம். இல்லாத கட்டுரைக்கு இருக்கிற ஆசிரியர் பெயரையும், ஆண்டையும், பக்க எண்ணையும் அழகாகச் சேர்த்துக் கொடுத்துவிடும். அது தந்த ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து, அந்தப் பக்கத்தில் அந்தக் கருத்து இருக்கிறதா என்று பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள். விக்கிப்பீடியாவைப் படியுங்கள், கீழே உள்ள சான்றுகளைப் பிடித்து மூலத்துக்குப் போங்கள், காட்ட வேண்டியது அந்த மூலத்தை.

நேர்காணல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஆத்தங்குடி கல் பதித்த வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில் உட்கார்ந்து ஒரு ஆச்சி மூன்று மணி நேரம் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, ஆய்வேட்டில் "தகவலாளி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். பெயர், ஊர், உத்தேச வயது, தேதி, ஒலிப்பதிவா குறிப்பா என்று எழுத வேண்டும். அதற்கு முன் கேட்க வேண்டும். நான் ஒரு முறை "ஆச்சி, உங்க பேரைப் போடலாமா?" என்று கேட்டேன். "சமையலைப் பத்திச் சொன்னதுக்குப் போட்டுக்கங்க தம்பி, பங்காளி சண்டையைச் சொன்னதுக்கு வேணாம்" என்றார். அப்படியே செய்தேன், ஒரே நேர்காணல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று அவர் பெயரில், மற்றது "நேர்காணல் 7, பெண், பெயர் தவிர்க்கப்பட்டது" என்று அடையாள எண்ணில். எழுதி முடித்ததும் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு போய் வாசித்துக் காட்டினேன். அடிக்குறிப்பில் அவர் பிறந்த ஊரைப் புகுந்த ஊர் என்று போட்டிருந்தேன், திருத்தினார்.